எங்கே மாற்றுவது, எங்கே போடுவது? மாதவிடாய்ச் சுகாதாரம்: ஓர் எளிய விளக்கம்

2022 டிசம்பரில் ஊருக்குப் போனபோது என் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சாக்லெட்டுக்கும் நடுவே பன்னிரண்டு பாக்கெட் நாப்கின் இருந்தது. சிங்கப்பூர் முஸ்தஃபா கடையில் வாங்கியது. அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் மகள் அந்த ஆண்டுதான் பெரியவளாகியிருந்தாள். சடங்குக்கு எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் உடுப்பைக் குறைத்து நாப்கினை அடுக்கினேன். சிங்கப்பூர் அத்தை நல்ல சாமானாகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று அண்ணியும் மெச்சிக்கொண்டார்.

அடுத்த டிசம்பரில் போனபோது அலமாரியில் எட்டு பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

தோல் ஒத்துக்கொள்ளவில்லையா, அளவு சரியில்லையா என்று கேட்டேன். அவள் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. இரவு மொட்டைமாடியில் பக்கத்தில் படுத்திருந்தபோது மெதுவாகக் கேட்டாள்: "எங்கே போடுவது, அத்தை?"

பயன்படுத்தியதைச் சுருட்டிக் கொல்லைப்புறத்தில் ஓர் உரச்சாக்கில் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒருநாள் நாய் ஒன்று அதில் ஒன்றை இழுத்துத் தெருவில் போட்டுவிட்டது. எதிர்வீட்டுப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். அன்றோடு நாப்கினை விட்டுவிட்டுப் பழைய பாவாடைத் துணிக்குப் போய்விட்டாள். அந்தத் துணியை எங்கே காயப்போடுகிறாய் என்றேன். கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டியிருப்பதாகச் சொன்னாள்.

நான் சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருக்கிறேன். காகிதத்தில் சுற்றிக் குப்பைக் குழாயில் போட்டால் எனக்கு வேலை முடிந்தது. அது எரியாலைக்குப் போய்ச் சாம்பலாகி, 1999 முதல் இயங்கும் செமக்காவ் தீவின் குப்பை நிலத்தில் சேர்வதை நான் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. வெளியே போனால் பெண்கள் கழிவறையில் இதற்கென்றே மூடியுள்ள தொட்டி இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் விழுகிறது. இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த நாப்கினுக்குப் பயன் கொடுக்கின்றன என்பது எனக்கு உறைக்கவே ஒரு வருடமும் எட்டு பாக்கெட்டும் ஆயிற்று.

அப்படியானால் அது என்ன?

'மாதவிடாய்ச் சுகாதாரம்' என்றதும் பலர் நாப்கினைத்தான் நினைக்கிறார்கள். 2012இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம் இதற்கு ஒரு வரையறை தந்தது. அதன் சாரம் இதுதான்: ரத்தத்தை உறிஞ்சவோ சேகரிக்கவோ சுத்தமான ஒரு பொருள் வேண்டும்; தேவைப்படும்போதெல்லாம் பிறர் கண்ணில் படாமல் அதை மாற்ற இடம் வேண்டும்; உடம்பைக் கழுவச் சோப்பும் தண்ணீரும் வேண்டும்; பயன்படுத்தியதைப் போட வழி வேண்டும். நான்கில் ஒன்று இல்லை என்றாலும் மற்ற மூன்றும் தள்ளாடும். என் அண்ணன் மகளுக்கு நான் கொடுத்தது நான்கில் ஒன்று.

பிறகு 2021இல் வல்லுநர்கள் சிலர் இதை இன்னும் விரித்து 'மாதவிடாய் ஆரோக்கியம்' என்று பேசத் தொடங்கினார்கள். உடம்பில் நடப்பதைப் பற்றிய சரியான தகவல், வலிக்கும் நோய்க்கும் மருத்துவம், கேலியும் ஒதுக்கலும் இல்லாத சூழல், பள்ளிக்கோ வேலைக்கோ தடையின்றிப் போகும் உரிமை ஆகியவையும் இதில் அடக்கம். சொல்லப்போனால் இந்த இரண்டாவது பட்டியலுக்குத்தான் காசு குறைவு, மனம்தான் அதிகம் தேவை.

உடம்பில் நடப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் சினைப்பையிலிருந்து பொதுவாக ஒரு முட்டை வெளிவருகிறது. கரு உண்டானால் தங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவர் ரத்தக்குழாய்களோடு தடிக்கிறது. விருந்தாளிக்குப் பாய் விரித்து வைப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் வராவிட்டால் ஹார்மோன்களின் அளவு இறங்குகிறது. விரித்த பாய் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. அதில் கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. நாற்றம் வருவது வெளியே வந்து நேரமான பிறகு, கிருமிகளால்.

பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள்களுக்கு ஒருமுறை வருவது இயல்பு. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள்வரை தள்ளிப்போகலாம். அதற்காகச் சிறுமியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. ஒரு சுற்றில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி, அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. பார்ப்பதற்குத்தான் அதிகம்போலத் தோன்றும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். வீட்டில் யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால் எளிய அடையாளம் ஒன்று: மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து சில மணி நேரம் நனைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடிவயிற்று வலிக்குக் காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். கருப்பையைச் சுருங்கவைத்து உட்சுவரை வெளியே தள்ளுவது அதுதான். மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உருவாவதைக் குறைக்கின்றன; ஆகவே வலி உச்சத்துக்குப் போகும்முன், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. "பெண்ணென்றால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று சொல்லிச் சொல்லி, மாதந்தோறும் இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம் போடும் வலியைக்கூட நாம் நோயாகப் பார்ப்பதில்லை. அதன் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்ற காரணம் இருக்கலாம்.

துணி குற்றவாளி அல்ல

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் நம்மவர்கள் துணியை உடனே அழுக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் புளோக்கில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். செம்பவாங் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்தவர். அவருடைய காலத்துக் கழிவறை, மேடைமேல் பலகை, கீழே வாளி. இரவில் வந்து வாளியை மாற்றும் லாரிக்கு முப்பத்தாறு கதவு வண்டி என்று பெயர். அந்த வாளி முறை சிங்கப்பூரில் முற்றிலும் ஒழிந்தது 1987இல்தான். "துணியை வாளியில் போட முடியுமா? எடுக்க வருகிறவர் பார்த்துவிடுவாரே" என்றார் பாட்டி. விடியுமுன் நாலு மணிக்குக் கிணற்றடிக்குப் போய் அலசிவிட்டு வந்து, காயும் துணிக்குமேல் ஒரு சேலையைப் போர்த்திவிடுவாராம். சேலைக்கு அடியில் துணி எப்படிக் காயும் என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். "காயாது. ஈரத்தோடேதான் கட்டினோம். அரிப்பு வந்தது. அது எல்லாருக்கும் வருகிறது என்று நினைத்தோம்."

செம்பவாங்கில் சேலைக்கு அடியில் நடந்தது, அறந்தாங்கியில் கட்டிலுக்கு அடியில் நடக்கிறது. ஈரத்துணியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். நல்ல வெயில் துணியை விரைவாக உலர்த்துகிறது; அதன் புறஊதாக் கதிர் கிருமிகளையும் குறைக்கிறது. ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், துணியை வீட்டுக்குள் உலர்த்தியவர்களுக்கும் கழிவறையில் மறைத்து வைத்தவர்களுக்கும் பூஞ்சைத் தொற்று கூடுதலாகக் காணப்பட்டது. தொற்றுக்கு வழிவிடுவது பெரும்பாலும் துணியை மறைக்க வேண்டியிருக்கும் நிலைமை.

துணி பயன்படுத்துகிறவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வெளிர்நிறப் பருத்தித் துணியே நல்லது. நைலான் கலந்தது வேண்டாம். முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெந்நீர் கறையை இறுக்கிவிடும். பிறகு சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்து, நேர் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட வேண்டும். மழைக்காலத்தில் இஸ்திரி போடலாம். முழுதாகக் காய்ந்ததை ஒரு துணிப்பையில் வைத்துக்கொள்ளலாம், பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.

துணியோ நாப்கினோ, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், போக்கு குறைவாக இருந்தாலும். கழுவும்போது முன்னிருந்து பின்னாக, வெளிப்பகுதியை மட்டும் கழுவினால் போதும். உள்ளே சோப்பு, மஞ்சள், வாசனைத் திரவம் எதுவும் கூடாது. உள்ளுறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

மாதவிடாய்க் கப் பற்றி இப்போது எங்கும் பேச்சாக இருக்கிறது. மருத்துவத் தர சிலிக்கானால் ஆன சிறு கிண்ணம். உள்ளே வைத்துக்கொண்டால் ரத்தம் அதில் சேரும். 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் கொட்டிக் கழுவி மீண்டும் வைக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். ஒன்று வாங்கினால் பத்து ஆண்டுவரை உழைக்கும். 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 43 ஆய்வுகளில் 3,300க்கு மேற்பட்ட பெண்களின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு, இது மற்றவற்றைப்போலவே பாதுகாப்பானது என்றது. சிங்கப்பூரில் பரஞ்சோதி சகோதரிகள் மூவர் 2015இல் தொடங்கிய ஃப்ரீடம் கப்ஸ் என்ற நிறுவனம், இங்கே ஒன்று விற்றால் வசதியற்ற பெண் ஒருவருக்கு ஒன்று கொடுப்பதென்று செயல்பட்டது. கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022இல் நாப்கின் இல்லாத ஊராட்சியாகவே தன்னை அறிவித்துக்கொண்டது. குப்பைப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல விடை இல்லைதான். ஆனால் திருமணமாகாத பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் கன்னித்தன்மை போய்விடும் என்று பாட்டி முதல் அண்ணிவரை ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒரு சவ்வை வைத்து ஒருத்தியின் ஒழுக்கத்தை அளக்க முடியாது என்று விளக்கிவிட்டு அவளிடமே முடிவை விட்டுவிடலாம், திணிக்கக் கூடாது.

போடும் இடம், போகும் இடம்

கடையில் வாங்கும் நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக். புதைத்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணில் கிடக்கும்; கொல்லையில் விறகோடு எரித்தால் நச்சுப் புகை வரும்; கழிவறையில் போட்டால் குழாய் அடைக்கும்; குளத்தில் வீசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள், உறையிலோ தாளிலோ சுற்றி உலர்குப்பையோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. வண்டி வரும் ஊருக்கு அது சரி. வராத ஊரில் மூடியுள்ள வாளி ஒன்று, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் ஒரு குழி, அல்லது பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ உள்ள எரிகலன். கிடைப்பதில் தேறியதைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். இதில் முழுச் சுத்தமான வழி என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. பருத்தித் துணி திரும்பவும் மதிப்புப் பெறுவது இந்த இடத்தில்தான்.

கழிவறை விஷயத்தில் சிங்கப்பூருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதை உண்டு. ஜேக் சிம் என்ற சிங்கப்பூரர் 2001 நவம்பர் 19 அன்று உலகக் கழிவறை அமைப்பைத் தொடங்கினார். 2013இல் சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை உலகக் கழிவறை நாளாக அறிவித்தது. என் அண்ணன் வீட்டிலும் கழிவறை இருக்கிறது. மானியத்தில் கட்டியது. தண்ணீரைக் குடத்தில் தூக்கிப் போக வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் இல்லை, பாதி இடத்தில் விறகு. கணக்கெடுக்க வருகிறவர் 'கழிவறை உண்டு' என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

கணக்கெடுப்பு என்றதும் இன்னொன்று. 2019 முதல் 2021 வரை நடந்த இந்தியத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் நகரத்தில் 100க்கு 90 பேர், கிராமத்தில் 73 பேர். முந்தைய கணக்கெடுப்பில் கிராமத்தில் பாதிகூட இல்லை என்பதால் இது பெரிய முன்னேற்றம். தமிழ்நாடு தேசிய அளவைவிட நன்றாக மேலே இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி எதைப் பயன்படுத்துகிறாய் என்பதோடு நின்றுவிடுகிறது. எங்கே மாற்றுகிறாய், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பது அந்த எண்ணிக்கையில் வராது.

தமிழ்நாட்டின் முன்னேற்றத்தில் 'புது யுகம்' திட்டத்துக்குப் பங்கு உண்டு. 2011-12இல் கிராமங்களில் தொடங்கிய அத்திட்டம் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்குப் பள்ளி, அங்கன்வாடி, கிராமச் செவிலியர் வழியாக இலவச நாப்கின் கொடுக்கிறது. ஆறு நாப்கின் கொண்ட பாக்கெட், இரண்டு மாதத்துக்கு மூன்று. ஒரு சுற்றுக்கு ஒன்பது. நாளுக்கு நான்கு என்று ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டால் இருபது வேண்டும். கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. ஒன்பதை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி எப்படிச் சமாளிப்பாள் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். நாள் முழுக்க ஒன்றையே வைத்திருப்பாள். இந்தியாவில் 2018 ஜூலையில் நாப்கின் மீதான ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. மலிவு விலை மருந்துக் கடைகளில் 2019 முதல் ஒரு நாப்கின் ஒரு ரூபாய். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கண்டுபிடித்த சிறு இயந்திரத்தால் பல ஊர்களில் மகளிர் குழுக்களே தயாரிக்கின்றன. அதற்காக அவர் 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். இங்கே சிங்கப்பூரில் எல்லாப் பொருள்களையும்போல நாப்கினுக்கும் 9 விழுக்காடு வரி உண்டு என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீட்டு

வீட்டுக்குத் தூரம், ஒதுக்கம், தலைக்குத் தண்ணீர் என்று சுற்றி வளைத்து எத்தனை பெயர் வைத்திருக்கிறோம்! நேர்ப்பெயரை வாய் சொல்லாததால்தான் வலியையும் அரிப்பையும் சொல்ல முடியாமல் போகிறது. சடங்குக்கு மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, ஊரெல்லாம் பத்திரிகை வைக்கும் நாம், அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்வதில்லை. சிங்கப்பூரிலும் மஞ்சள் நீர் ஊற்றுகிறார்கள், கோயிலுக்குப் போகாதே என்கிறார்கள். இங்கே அது பெரும்பாலும் மனவருத்தத்தோடு நிற்கும். ஊரில் உயிரையும் எடுத்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் தஞ்சை மாவட்டத்தில், புதிதாகப் பூப்பெய்தியதால் வீட்டைவிட்டுத் தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்ட ஒரு சிறுமிமேல் தென்னைமரம் விழுந்தது. அவள் பிழைக்கவில்லை.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரங்களைச் சொல்லிவிடுகிறேன். எட்டு நாளுக்குமேல் நீடிக்கும் போக்கு, 21 நாளுக்குள் திரும்ப வருவது, மூன்று மாதம் வராமல் இருப்பது, 15 வயதாகியும் தொடங்காதது, இடையில் ரத்தம் படுவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், படுக்கவைக்கும் வலி. மயக்கமும் மூச்சிரைப்பும் இருந்தால் ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்ய வேண்டும்; மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம், இங்கே பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்).

உங்கள் வீட்டில் இல்லப் பணிப்பெண் இருந்தால், அவர் எந்த நாட்டுக் கிராமத்திலிருந்து வந்திருந்தாலும், குளியலறை அலமாரியில் ஒரு பாக்கெட்டை வைத்து, "இது உங்களுக்கு" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருக்கும். குப்பையை எங்கே போடுவது என்பதையும் முதல் நாளே காட்டிவிடுவது நல்லது. ஊருக்கு நாப்கின் கொண்டுபோகிறவர்கள், பெட்டி கட்டுமுன் அங்கே ஒரு போன் போட்டு இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

போன டிசம்பரில் நான் நாப்கின் கொண்டுபோகவில்லை. அறந்தாங்கிக் கடைத்தெருவில் மூடிபோட்ட வாளி ஒன்று, நைலான் கயிறு ஒரு சுருள், இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினேன். கழிவறையிலிருந்த விறகை அண்ணியும் நானும் வெளியே எடுத்துப் போட்டோம். எதற்கு இதெல்லாம் என்று அண்ணன் கேட்டதும் அண்ணி வழக்கம்போல "பொம்பளைச் சமாச்சாரம்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகளே, "மாதவிடாய் நேரத்தில் எனக்குக் கதவைச் சாத்த வேண்டும், அப்பா" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போய், தாழ்ப்பாளைப் பலகையில் வைத்துப் பிடித்தபடி, "இந்த உயரம் உனக்கு எட்டுமா, பார்" என்றார்.